திருக்குறளில் மறைத்தலும் நடித்தலும்: அன்றாட வாழ்வியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மனிதர் தம் உள்ளத்தில் உள்ளதை மறைத்தும், இல்லாததை இருப்பதாகக் காட்டியும் அன்றாட வாழ்க்கையை நடத்துகின்றனர். இவ்வியல்பைச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் நாடக மேடையை உவமையாகக் கொண்டு விளக்கினார். திருக்குறளும் முகம், அகம், குறிப்பு, கரவு, வேடம் ஆகியவற்றைப் பற்றிப் பல அதிகாரங்களில் பேசுகிறது. அவற்றுள் சில குறள்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றுகின்றன. துறவியர் கோலத்தில் மறைந்து தீங்கு செய்வதை ஓர் அதிகாரம் கடிகிறது. அதே கோலத்தை ஒற்றனுக்கு உரிய திறமாக மற்றோர் அதிகாரம் கூறுகிறது. இம்முரண்களைக் கோஃப்மனின் கருத்தாக்கங்களோடு வைத்துப் பார்க்கும் இக்கட்டுரை, வள்ளுவர் மறைத்தலைப் பொதுவாக ஏற்பதோ மறுப்பதோ இல்லை என்பதையும், மறைப்பின் பயன், பாதிப்பு, மறைப்பவர் படும் துன்பம் ஆகியவற்றைக் கொண்டே அதனை மதிப்பிட இடம் தருகிறார் என்பதையும் விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: திருக்குறள், கோஃப்மன், குறிப்பறிதல், கூடாவொழுக்கம், கரவு, முகம், அகம், உணர்வு உழைப்பு.

முன்னுரை

விருந்தினர் வரும்போது கூடத்தில் கிடக்கும் பொருள்களை அள்ளி உள்ளறையில் போடுவதும், பசியோடு சென்ற வீட்டில் ‘சாப்பிட்டுத்தான் வந்தேன்’ என்று சொல்வதும், துக்க வீட்டு வாயிலை நெருங்கும்போது பேச்சைக் குறைத்து முகத்தை மாற்றிக்கொள்வதும் எவரும் அறிந்த வழக்கங்களே. இவற்றைப் பொய் என்று யாரும் குற்றம் சாட்டுவதில்லை. ஆனால், கடன் கேட்டு வந்தவரிடம் பணத்தை வைத்துக்கொண்டே ‘கையில் ஒன்றும் இல்லை’ என்பவரும், உள்ளே பகையை வைத்துக்கொண்டு வெளியே கைகுலுக்குபவரும் பொய்யராகவே கருதப்படுகின்றனர். இரு வகையிலும் நிகழ்வது மறைத்தல்தான் என்னும்போது, இவற்றைப் பிரித்தறியும் அளவுகோல் எது என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவுக்குத் திருக்குறளில் ஒரே இடத்தில் விடை இல்லை. அறத்துப்பாலில் கூடாவொழுக்கம் (28), வாய்மை (30) ஆகியனவும், பொருட்பாலில் ஒற்றாடல் (59), குறிப்பறிதல் (71), கூடாநட்பு (83), இரவச்சம் (107) ஆகியனவும், காமத்துப்பாலில் குறிப்பறிதல் (110), நிறையழிதல் (126), புலவி நுணுக்கம் (132) ஆகியனவும் இப்பொருளைத் தனித்தனிச் சூழல்களில் தொடுகின்றன. குறிப்பறிதல் என்னும் தலைப்பு நூலில் இருமுறை இடம்பெறுவது கருதத்தக்கது. அரசவையில் அமைச்சனுக்கும் காதலில் தலைமகனுக்கும் ஒரே திறன் வேண்டப்படுகிறது. சொல்லாமல் மறைக்கப்பட்டதை முகத்திலிருந்து அறியும் திறன் அது. மறைத்தல் மனித உறவுகளின் இயல்பான பகுதி என்னும் புரிதல் இல்லாமல் இவ்வதிகாரங்கள் தோன்றியிருக்க இயலாது.

கோஃப்மனின் நாடக நோக்கு

கனடாவில் பிறந்த எர்விங் கோஃப்மன் (1922–1982), சிகாகோ பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் தங்கிக் களப்பணி செய்தார். அங்குக் கண்டவற்றையும் பிற சான்றுகளையும் கொண்டு அவர் எழுதிய, அன்றாட வாழ்வில் தன்னை முன்வைத்தல் பற்றிய நூல் 1956இல் எடின்பரோவில் வெளிவந்தது; அதன் விரிவாக்கப் பதிப்பு 1959இல் வந்தது.

அந்நூலின் கருத்தாக்கங்களுள் மூன்று இங்குத் தேவைப்படுகின்றன. முதலாவது, முன்மேடை, பின்மேடை என்னும் பகுப்பு. பிறர் பார்வைக்கு உரிய இடத்தில் ஒருவர் ஒருவகையாகவும், அப்பார்வை படாத இடத்தில் வேறுவகையாகவும் நடந்துகொள்கிறார். உணவு விடுதியின் உண்ணும் கூடமும் சமையலறையும் இதற்குக் கோஃப்மன் காட்டும் சான்றுகள். இரண்டாவது, குழு. ஒரு தோற்றத்தைத் தனியொருவர் மட்டும் காப்பதில்லை; அவரைச் சார்ந்தோரும் சேர்ந்தே காக்கின்றனர். மூன்றாவது, ஒருவர் வேண்டுமென்று தரும் குறிப்புக்கும் அவரை அறியாமல் அவரிடமிருந்து கசியும் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு. பார்ப்பவர் முதலாவதைவிட இரண்டாவதையே நம்புகிறார்.

ஷெட்லாந்தில் அண்டை வீட்டார் ஒருவர் தேநீர் அருந்த வரும்போது, வாயிலை நெருங்கியதும் இயல்பான முகத்தை மாற்றி மலர்ந்த முகத்தை அணிந்துகொள்வதை வீட்டிலுள்ளோர் சன்னல் வழியே பார்த்து மகிழ்வதுண்டு என்கிறார் கோஃப்மன். இதை அறிந்த வேறு சிலர், யாரேனும் பார்க்கக்கூடும் என்று எண்ணி, வீட்டுக்கு வெகு தொலைவிலேயே முகத்தை மாற்றிக்கொண்டனராம். மறைத்தல், கண்டறிதல், கண்டறிவதை எதிர்பார்த்து மீண்டும் மறைத்தல் என இவ்விளையாட்டு நீள்கிறது.

முகமும் அகமும்

முகம், அகம் என்னும் இணையைத் திருக்குறள் பல இடங்களில் ஆள்கிறது. தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும் பளிங்கைப் போல நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்கிறது ஒரு குறள் (706). ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்னும் பழமொழியும் இக்கருத்தினதே. ஆயினும் முகத்தை முழுமையாக நம்பிவிடலாம் என்று வள்ளுவர் கூறவில்லை. முகத்தால் இனிமையாகச் சிரித்து உள்ளத்தில் தீமை கொண்டவரை அஞ்ச வேண்டும் என்றும் கூறுகிறார் (824). முகம் காட்டவும் செய்யும், மறைக்கவும் செய்யும். எது எப்போது நிகழ்கிறது என்பதை உணரும் அறிவையே குறிப்பறிதல் என்னும் அதிகாரங்கள் போற்றுகின்றன.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. எனினும் அவ்வியல் களவுக்குரிய மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகுநயம் மறைத்தல், சிதைவு பிறர்க்கு இன்மை ஆகியவற்றையும் சேர்க்கிறது. மகிழ்ச்சியால் எழும் நகையை அடக்குவதும், உள்ளம் சிதைவதைப் பிறர் அறியாமல் காப்பதும் அங்கு மெய்ப்பாடுகளே. மறைக்கும் முயற்சி தானே ஒரு வெளிப்பாடாகிறது என்னும் நுட்பம் இதில் அடங்கியுள்ளது.

காதலர் ஒருவரையொருவர் அயலார் போலப் பொதுவாகப் பார்த்துக்கொள்வர் என்னும் குறளையும் (1099) இவ்வாறே விளக்கலாம். பொது இடத்தில் அறிமுகமில்லாதவரை ஒருகணம் கண்டு, பின் உற்றுநோக்காமல் பார்வையை விலக்கிக்கொள்ளும் நாகரிகத்தை, 1963இல் வெளிவந்த பொது இட நடத்தை பற்றிய நூலில் கோஃப்மன் தனியாக ஆராய்ந்தார். குறள் காட்டும் பொதுநோக்கு அந்நாகரிகத்தின் போலி வடிவம். அயலாருக்கு உரிய பார்வையைக் காதலர் கடன் வாங்கித் தம் உறவை மறைக்கின்றனர். ஆனால் அப்பார்வை காதலரிடமே உள்ளது என்று குறள் முடிப்பதால், அந்த மறைப்பே காண்பவர்க்கு அடையாளமாகிவிடுகிறது.

தும்மல் உணர்த்தும் உண்மை

தரும் குறிப்புக்கும் கசியும் குறிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காமத்துப்பால் தும்மல் என்னும் ஒரே நிகழ்வைக் கொண்டு விளக்குகிறது. ஒருவர் தும்மினால் அவரை யாரோ நினைக்கின்றனர் என்னும் நம்பிக்கையும், தும்மியவரை வாழ்த்தும் வழக்கமும் இக்குறள்களின் பின்புலம்.

தலைவி தன் காமத்தை மறைக்க முயல்கிறாள். அதுவோ அவள் குறிப்புக்கு அடங்காமல் தும்மல் போல வெளிப்பட்டுவிடுகிறது (1253). இங்குத் தும்மல் அடக்க இயலாததற்கு உவமை. ஊடியிருக்கும் வேளையில் தலைவன் தும்முகிறான். தான் தும்மினால் தலைவி வாழ்த்தாமல் இராள் என்று தெரிந்தே தும்முகிறான் (1312). இங்குத் தும்மல் திட்டமிட்ட நடிப்பு. பிறிதொரு முறை உண்மையாகவே தும்மல் வருகிறது. வாழ்த்தியவள், யார் நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள் (1317). அதற்கு அஞ்சி அவன் தும்மலை அடக்கினாலும், உம்மவர் நினைப்பதை எம்மிடம் மறைக்கிறீரோ என்று அழுகிறாள் (1318).

இந்நான்கு குறள்களையும் சேர்த்துப் படிக்கும்போது கோஃப்மன் கூறும் விளையாட்டின் படிநிலைகள் அனைத்தும் தென்படுகின்றன. உடலின் தன்னிச்சையான செயல் நம்பத்தக்கது என்பதால் பார்ப்பவர் அதனை நம்புகிறார். நம்புகிறார் என்பதால் நடிப்பவர் அதனையே போலியாகச் செய்கிறார். போலி செய்ய இயலும் என்பதால் உண்மையும் ஐயத்துக்கு உள்ளாகிறது. இறுதியில், ஒன்றும் செய்யாதிருப்பதும் மறைப்பாகப் படிக்கப்படுகிறது.

இவ்விளையாட்டு தீங்கற்றது. ஊடல் கூடலில் முடியும் என்பதை இருவரும் அறிவர். நடிப்பைக் கண்டுபிடிப்பதும் இன்பத்தின் பகுதியாகிறது. தலைவனின் பொய்த்தும்மலை வள்ளுவர் கடியாததற்கு இதுவே காரணம் எனலாம்.

தவக்கோலமும் ஒற்றனும்

கூடாவொழுக்கம் அதிகாரத்தில் வள்ளுவரின் குரல் கடுமையாகிறது. வஞ்ச மனத்தானின் பொய்யொழுக்கத்தை அவன் உடம்பில் கலந்துள்ள ஐம்பூதங்களே உள்ளிருந்து நகைக்கும் (271). மனத்தை அடக்கும் வலிமை இல்லாதவன் வலியோர் கோலம் பூணுவது, பசு புலித்தோலைப் போர்த்துக்கொண்டு மேய்ந்தது போன்றது (273). தவக்கோலத்தில் மறைந்து தகாதன செய்வது, வேடன் புதரில் மறைந்திருந்து பறவைகளைப் பிடிப்பது போன்றது (274). முதல் உவமையில் நடிப்பவனை நடிப்பவனின் உடலே அறிகிறது. உலகம் முழுவதும் ஏமாந்தாலும் நடிப்பவனுக்குள் ஒரு பார்வையாளர் கூட்டம் எஞ்சியிருக்கிறது. அடுத்த உவமையில் பயிரின் உரிமையாளர் ஏமாறுகிறார். மூன்றாவது உவமையில் பறவைகள் உயிரிழக்கின்றன. தன்னை ஏமாற்றுதல், பிறர் பொருளைக் கவர்தல், பிறர் உயிரைப் பறித்தல் எனக் குற்றத்தின் அளவு கூடிக்கொண்டே செல்கிறது.

இதே நூலின் ஒற்றாடல் அதிகாரம், துறந்தார் கோலம் பூண்டு, புகுதற்கரிய இடங்களில் புகுந்து ஆராய்ந்து, பிடித்தவர் என்ன துன்பம் செய்தாலும் தன்னை வெளிப்படுத்தாதவனே ஒற்றன் என்கிறது (586). வேடம் ஒன்றே, தீர்ப்பு வேறு. அறத்துப்பால் அறம் பேசுகிறது, பொருட்பால் அரசியல் பேசுகிறது என்று பால் வேறுபாட்டைக் காட்டி இம்முரணைக் கடந்துவிடலாம். அவ்விடை தவறன்று எனினும் போதுமானதன்று. பொருட்பாலுக்குள்ளேயே கூடாநட்பைக் கடியும் அதிகாரமும் உள்ளதே என்னும் வினா மீண்டும் எழும்.

வேறுபாடு, கோலத்துக்கும் அதன் பின்னுள்ள கடமைக்கும் இடையிலான உறவில் உள்ளது. போலித் துறவி, துறவுக்கு உலகம் தரும் மதிப்பைத் தன் நுகர்ச்சிக்குப் பயன்படுத்துகிறான். அவன் எந்த நெறியின் பெயரால் நம்பப்படுகிறானோ அந்நெறியையே குலைக்கிறான். ஒற்றனோ தன் அரசனுக்கு உண்மையைக் கொணரும் பொருட்டு வேடமிடுகிறான். அகப்பட்டால் வரும் துன்பத்தைத் தானே ஏற்கிறான். மறைப்பின் பயன் ஒருவனுக்குத் தன்னலம். மற்றவனுக்கு ஏற்றுக்கொண்ட பணி. எனினும் ஒற்றனின் கோலத்தாலும் உண்மைத் துறவியின் மேல் ஐயம் விழும் என்பது மறுக்கவியலாதது. அச்சிக்கலைக் குறள் தீர்க்காமலேயே விடுகிறது.

முகநட்பு

நட்பைப் பற்றிய குறள்களிலும் இத்தகைய இணை ஒன்று உள்ளது. முகம் மட்டும் மலர நட்பது நட்பன்று, நெஞ்சமும் மலர நட்பதே நட்பு என்கிறது நட்பு அதிகாரம் (786). பகைவர் நண்பராக நடந்துகொள்ளும் காலம் வந்தால் முகத்தால் நட்புக் கொண்டு அகத்தால் நட்பை விட்டுவிடுக என்கிறது கூடாநட்பு அதிகாரம் (830). முன்னதில் மறுக்கப்பட்ட முகநட்பே பின்னதில் அறிவுரையாகிறது.

இதற்குரிய காரணம் அதே அதிகாரத்தின் முந்தைய குறளொன்றில் உள்ளது. பகைவர் தொழுத கைக்குள்ளும் படைக்கருவி மறைந்திருக்கும். அவர் அழுத கண்ணீரும் அத்தன்மையதே (828). எதிரில் இருப்பவர் ஏற்கெனவே நடிக்கத் தொடங்கிவிட்ட சூழலில் முகநட்பு தற்காப்பாகிறது. நம்பிக்கை நிலவும் உறவில் நடிப்பு அவ்வுறவைக் கெடுக்கிறது. நம்பிக்கை இல்லாத உறவில் அது தீங்கை ஒத்திப்போடுகிறது. எவரிடத்தும் அகத்தைத் திறந்து வைப்பதே நேர்மை என்னும் எளிய கொள்கையைக் குறள் வலியுறுத்தவில்லை.

கரவு: இருப்போர் மறைப்பும் இல்லோர் மறைப்பும்

கரத்தல் என்னும் வினை திருக்குறளில் இரு சூழல்களில் மிகுதியாக வருகிறது. ஒன்று, காமநோயை மறைத்தல். மற்றொன்று, இரப்பவரிடம் உள்ள பொருளை ஒளித்தல். இரத்தல் என்னும் காவலற்ற தோணி, கரவு என்னும் வன்னிலம் தாக்கப் பிளந்துவிடும் (1068). இல்லை என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே இரப்பவர்க்கு உயிர் போகிறதே, அதைச் சொல்பவர்க்கு உயிர் எங்கே ஒளிந்துகொள்கிறதோ என்று வினவுகிறது மற்றொரு குறள் (1070). செல்வர் காட்டும் இல்லாமை ஒரு நடிப்பு. அந்நடிப்பின் சுமையைத் தாங்குபவர் எதிரில் நிற்கும் வறியவர்.

வறியவருக்கும் மறைக்க வேண்டியது உண்டு. அது வறுமை. இல்லாமையின் துன்பத்தை உரையாமல் ஈதல் நற்குடிப் பிறந்தாரிடம் உண்டு என்னும் குறளுக்கு (223) உரையாசிரியர்கள் பலவாறு பொருள் கண்டுள்ளனர். இரப்பவர் ‘இல்லை’ என்று வாய்திறந்து சொல்லுமுன் கொடுத்தல் என்பது அவற்றுள் ஒன்று. இவ்வுரையைக் கொண்டால், கொடையாளியின் கடமை பொருளோடு முடிவதில்லை. மற்றவர் தம் மறைப்பைக் கலைத்துக்கொண்டு நிற்கும் நிலை வராமல் காப்பதும் அதில் அடங்கும். பெருமை உடையவர் பிறரது அற்றத்தை மறைப்பர், சிறுமை உடையவர் குற்றத்தையே கூறுவர் என்னும் குறளும் (980) இதனோடு ஒப்பிடத்தக்கது. ஒருவர் தோற்றத்தைப் பிறர் சேர்ந்து காக்கும் செயலைக் குழு என்னும் கருத்தாக்கத்தால் கோஃப்மன் விளக்கினார். குறள் அதனைப் பண்பாக உயர்த்துகிறது.

மறைத்தலின் சுமை

மறைப்பவர் படும் துன்பத்தையும் வள்ளுவர் கண்டுள்ளார். நோயை மறைக்க முயன்றாலும் அது இறைப்பவர்க்கு ஊற்றுநீர் மிகுவது போல மிகுகிறது என்கிறாள் தலைவி (1161). மறைக்கவும் இயலவில்லை, நோய் செய்தவரிடம் உரைக்கவும் நாணம் தடுக்கிறது என்று அடுத்த குறளில் கூறுகிறாள் (1162). மறைத்தலுக்கு உழைப்பு தேவை. அவ்வுழைப்பு தீர்வதில்லை, இறைக்க இறைக்க மீண்டும் ஊறுகிறது.

இவ்வுழைப்பு ஊதியத்துக்கு உரியதாகும்போது நேர்வதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். விமானப் பணிப்பெண்கள் எரிச்சலை அடக்கிப் புன்னகைப்பதும், கடன் வசூலிப்போர் இரக்கத்தை அடக்கிக் கடுமை காட்டுவதும் அவர்தம் வேலையின் பகுதிகள். இதனை அவர் உணர்வு உழைப்பு என்றார். முகத்தை மட்டும் மாற்றும் மேல்நடிப்பு, உணர்வையே மாற்றிக்கொள்ள முயலும் ஆழ்நடிப்பு என இரண்டாகப் பிரித்தார். முகத்தால் விரும்பி இனிது நோக்கி அகத்திலிருந்து பிறக்கும் இன்சொல் சொல்வதே அறம் என்னும் குறளை (93) இங்கு எண்ணிப் பார்க்கலாம். அக்குறள் முகமும் அகமும் இயல்பாக ஒன்றுபடும் நிலையைக் கூறுகிறது. வேலைவிதி அவ்வொற்றுமையைப் பணியாளரிடம் கட்டளையாக எதிர்பார்க்கிறது.

தமிழ்நாட்டின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றபடியே இன்முகம் காட்டும் பணியாளர் நிலை இதற்குக் கண்கூடான சான்று. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர்க்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கும் திருத்தத்தைக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கொண்டுவந்தன. கால்வலியை மறைத்துச் சிரிப்பது பண்பு என்று கருதப்பட்டது, உரிமைக் குறைவு என்று சட்டத்தால் ஏற்கப்பட்டது. வாடிக்கையாளர் பார்வை படாத பின்மேடை எவருக்கும் வேண்டும். அதற்குரிய இடமும் நேரமும் மறுக்கப்படும்போது நடிப்பு ஒடுக்குமுறையாகிறது. முகம் திரிந்து நோக்கினால் விருந்தினர் அனிச்சம் போல வாடுவர் என்னும் குறள் (90) விருந்தோம்புவார்க்கு உரியது. விருந்தோம்புபவர் தம் இல்லத்தின் தலைவர். கடைப்பணியாளர் அத்தகையவர் அல்லர். இவ்வேறுபாட்டைக் கருதாமல் அக்குறளைப் பணியாளரிடம் கடமையாக எடுத்துரைப்பது பொருந்தாது.

முடிவுரை

திருக்குறளில் மறைத்தல் பற்றிய கருத்துகள் முரண்படுவன போலத் தோன்றினும், மூன்று வினாக்களைக் கொண்டு நோக்கும்போது அவை ஒழுங்குபடுகின்றன. மறைப்பு யாருடைய பயனுக்காக நிகழ்கிறது என்பது முதல் வினா. போலித் துறவியும் ஒற்றனும் வேறுபடுவது இதில்தான். பார்ப்பவர்க்கு அதனால் விளைவது யாது என்பது இரண்டாவது. தலைவனின் பொய்த்தும்மலும் செல்வரின் கரவும் இதனால் பிரிகின்றன. புரைதீர்ந்த நன்மை தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் வாய்மை அதிகாரக் குறளும் (292) இவ்வினாவையே அடிப்படையாகக் கொண்டது. மறைப்பவர் படும் துன்பம் எத்தகையது என்பது மூன்றாவது. தலைவியின் ஊற்றுநீர் உவமை இதனை உணர்த்துகிறது.

கோஃப்மன் நடிப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை விரித்துரைத்தார். அறத்தீர்ப்பு வழங்குவது அவர் நோக்கமன்று. வள்ளுவர் அதன் இயக்கத்தையும் கண்டு, அறத்தையும் கேட்கிறார். இவ்விரு நோக்குகளையும் இணைத்துப் பார்க்கும்போது, ஒருவர் ஏன் நடிக்கிறார் என்னும் வினாவோடு, அவரை நடிக்க வைப்பது எது என்னும் வினாவும் எழுகிறது. வறியவர் வாய்திறக்குமுன் கொடுக்கச் சொல்லும் குறளின் உரை, பின்னதற்கான பொறுப்பைப் பார்ப்பவர் மேலும் சுமத்துகிறது. இந்நோக்கில் சங்க அக இலக்கியத் தோழியின் கூற்றுகளையும், தற்காலப் புனைகதைகள் காட்டும் பணியிட வாழ்க்கையையும் ஆராய இடமுண்டு.